பாட்டால் வேலி போடும் குரங்கு!

நிலத்துக்கு நிலம் எல்லை உண்டு. வரப்பு ஒரு சாண் நகர்ந்துவிட்டால் போதும். அண்ணன் தம்பிக்குள்ளேயே பேச்சு நின்றுபோகும். சர்வேயர் வருவார், அளப்பார், கல் நடுவார். அப்படியும் சில வழக்குகள் கோர்ட்டுக்குப் போய், தாத்தா தொடுத்த வழக்கைப் பேரன் முடித்து வைப்பான்.

காட்டில் வாழும் பிராணிகளுக்கும் எல்லை உண்டு. ஆனால் அங்கே சர்வேயர் இல்லை, கல் இல்லை, கோர்ட்டும் இல்லை.

அப்படியானால் "இது உன் இடம், இது என் இடம்" என்று எப்படித் தெரிந்துகொள்கின்றன?

புலி மரத்தை நகத்தால் கீறி அடையாளம் வைக்கிறது. நாய் கம்பத்துக்குக் கம்பம் காலைத் தூக்கி வாசனை வைக்கிறது. இன்னொரு பிராணி என்ன செய்கிறது தெரியுமா? பாட்டுப் பாடுகிறது! கணவனும் மனைவியும் சேர்ந்து பாடுகின்றன. அந்தப் பாட்டுத்தான் அவற்றின் வேலி.

கிப்பன் என்பது அந்தக் குரங்கின் பெயர். நம் நாட்டிலேயே அஸ்ஸாம் பக்கத்துக் காடுகளில் அது வாழ்கிறது.

விராலிமலையில் கேட்பது என்ன?

குரலால் இடம் பிடிப்பது என்றால் என்ன என்று புதுக்கோட்டை மாவட்டத்தாருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விராலிமலை முருகன் கோயில் பக்கம் போனவர்கள் மயில் அகவுவதைக் கேட்டிருப்பார்கள். மலையில் ஒன்று குரல் கொடுக்கும். வயல்காட்டில் இன்னொன்று பதில் கொடுக்கும்.

முட்டையிடும் பருவம் நெருங்கும்போது ஆண் மயில் சிறிய இடம் ஒன்றைத் தனக்கென்று பிடித்துக்கொள்கிறது. அங்கே நின்றுதான் தோகை விரிக்கும், அங்கிருந்துதான் அகவும். அந்தக் குரலில் இரண்டு சேதிகள் இருக்கின்றன. பெண் மயிலுக்கு, "நான் இங்கே இருக்கிறேன், வா" என்று அர்த்தம். வேறு ஆண் மயிலுக்கு, "நான் இங்கே இருக்கிறேன், வராதே" என்று அர்த்தம். குரல் ஒன்றுதான், கேட்பவரைப் பொறுத்து அழைப்பாகவும் இருக்கும், எச்சரிக்கையாகவும் இருக்கும்.

மயிலின் குரல் தனிக்குரல். அந்தப் பருவம் போனால் கூச்சலும் குறைந்துவிடும். கிப்பன் அப்படி அல்ல. வருஷம் முழுவதும் பாடும். அதுவும் ஜோடியாகப் பாடும்.

வால் இல்லாத குரங்கு

குரங்கு என்றால் வால் உண்டு என்று நினைக்கிறோம். கிப்பனுக்கு வால் இல்லை. சிம்பன்ஸி, கொரில்லா, உராங்குட்டான் இவற்றோடு சேர்ந்த இனம் அது. அவற்றைவிட உருவத்தில் சிறியது. உலகில் ஏறத்தாழ 20 வகைக் கிப்பன்கள் இருக்கின்றன. சீனாவின் தென்பகுதி, பர்மா, சயாம், மலேயா, சுமத்ரா, போர்னியோ, ஜாவா ஆகிய இடங்களில் அவை வாழ்கின்றன.

இந்தியாவில் இருப்பது ஹூலக் கிப்பன். நம் நாட்டில் வாழும் வாலில்லாக் குரங்கு இது ஒன்றுதான். அஸ்ஸாமிய மக்கள் இதை "ஹலௌ" என்கிறார்கள். பிரம்மபுத்திரா நதியின் தென்கரைக் காடுகளில் இது உண்டு. கிப்பனுக்கு நீச்சல் தெரியாது; அதனால் பெரிய நதி குறுக்கிட்டால் அதற்கு அதுவே உலகத்தின் முடிவு.

ஹூலக்கின் எடை ஆறு முதல் எட்டுக் கிலோ வரை. ஆண் கறுப்பு, கண்ணுக்கு மேலே திருநீறு பூசியதுபோல் வெள்ளைப் புருவம். பெண்ணுக்கு வெளிர் பழுப்பு நிறம். குட்டி பிறக்கும்போது வெளிறிய நிறத்தில் இருக்கும், வளர வளரக் கறுக்கும். பெண் குட்டியாக இருந்தால், பருவம் அடையும்போது மறுபடி வெளுத்துத் தாயின் நிறத்துக்கு வந்துவிடும்.

கைகள் கால்களைவிட நீளம். விரல்கள் கொக்கிபோல் வளைந்திருக்கும். கிளையைப் பிடித்து ஊஞ்சல்போல் ஆடி அடுத்த கிளைக்குப் போகும். அங்கிருந்து அடுத்த மரத்துக்குப் போகும். தரையில் இறங்குவது மிகமிக அபூர்வம். உண்பது, உறங்குவது, குட்டி வளர்ப்பது எல்லாம் மரத்தின் மேலேதான்.

குடும்பம் சிறியது. கணவன், மனைவி, இரண்டு மூன்று பிள்ளைகள், அவ்வளவுதான். இந்தச் சிறு குடும்பத்துக்கு 20 ஏக்கர் காடாவது வேண்டும். 100 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. காட்டில் எல்லா மரமும் ஒரே சமயத்தில் பழுப்பதில்லை. இந்த மாதம் இந்த அத்தி, அடுத்த மாதம் அந்த ஆல் என்று மாறி மாறிப் பழுக்கும். வருஷம் முழுவதும் வயிறு நிறைய வேண்டுமானால் நிறைய மரங்கள் கைவசம் இருக்க வேண்டும். அதனால்தான் எல்லைக் காவல்.

காலைக் கச்சேரி

பொழுது விடிந்து சிறிது நேரம் ஆகிறது. உயரமான மரத்தின் உச்சியில் ஒரு குரங்கு மெல்லக் குரல் கொடுக்கிறது. ஜோடி பதில் சொல்கிறது. குரல் ஏறுகிறது. ஒன்று முடிப்பதற்குள் மற்றொன்று எடுக்கிறது. இரண்டும் பின்னிப் பிணைந்து, காடே அதிரும்படி கூவல் எழுகிறது. பிள்ளைகளும் தங்களுக்குத் தெரிந்த அளவில் கூடச் சேர்ந்துகொள்ளும். உச்சக் கட்டத்தில் கிளைகளை உலுக்கித் தாவிக் குதிக்கும்.

பத்து நிமிஷம், இருபது நிமிஷம் கச்சேரி நடக்கும். ஒரு கிலோ மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். பக்கத்து எல்லையில் உள்ள குடும்பம் கேட்டுவிட்டுத் தன் பாட்டை எடுக்கும். அதைக் கேட்டு அடுத்த குடும்பம் எடுக்கும். இப்படி ஒரு காட்டில் எத்தனை குடும்பங்கள், யார் யார் எங்கெங்கே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பிறகு அவரவர் பழம் தேடிப் போய்விடுவார்கள்.

இன வகைக்கு ஏற்ப வழக்கமும் மாறும். சில வகைகளில் ஆணுக்கு ஒரு மெட்டு, பெண்ணுக்கு வேறு மெட்டு. பெண்தான் பெரிய ஆலாபனை செய்யும். அது முடிந்ததும் ஆண் முத்தாய்ப்பு வைக்கும். சுமத்ராவிலும் மலேயாவிலும் உள்ள சியாமாங் என்ற பெரிய கிப்பனுக்குத் தொண்டையில் ஒரு பை இருக்கிறது. பாடும்போது அது பலூன்போல் உப்பிக்கொண்டு குரலைப் பெருக்கும். மென்டாவாய்த் தீவுகளில் உள்ள ஒரு வகையில் தம்பதிகள் சேர்ந்து பாடுவதில்லை. ஆண் விடியுமுன்னும் பெண் விடிந்த பின்னும் தனித்தனியே பாடும்!

மூச்சுதான் செலவு

எதற்காக இத்தனை பாடு? நேரே போய் அடித்து விரட்டினால் என்ன?

கிப்பன் இருப்பது தரையிலிருந்து வெகு உயரத்தில். அங்கே கட்டிப் புரண்டால் இரண்டில் ஒன்று விழும். விழுந்தால் எலும்பு மிஞ்சாது. ஜெயித்ததற்கும் கை ஒடிந்துவிட்டால் பிழைப்பு போயிற்று. கிப்பனுக்குக் கைதானே கால்! பாட்டுக்கோ மூச்சுதான் செலவு.

சண்டையே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. எல்லையோரத்தில் இரண்டு குடும்பங்கள் நேருக்கு நேர் சந்தித்துவிட்டால் ஆண்கள் ஒன்றை ஒன்று துரத்தும், கடியும் விழும். ஆனாலும் பெரும்பாலான நாட்கள் பாட்டோடு காரியம் முடிந்துவிடுகிறது.

பாட்டு எல்லைக் கல்லாக மட்டும் இருப்பதில்லை. "இங்கே ஆணும் இருக்கிறது, பெண்ணும் இருக்கிறது, இரண்டும் ஒற்றுமையாக இருக்கின்றன" என்று ஊருக்கு அறிவிப்பதும் அதுதான். வளர்ந்து வீட்டைவிட்டுப் போன இளங்காளை தனியாகப் பாடினால், அது துணை தேடும் பாட்டு.

விஞ்ஞானிகள் செய்த சோதனை

1937ஆம் ஆண்டு கிளாரன்ஸ் ரே கார்ப்பென்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி சயாம் நாட்டின் வடக்கே சியங்மாய்ப் பகுதிக் காடுகளுக்குப் போனார். மாதக் கணக்கில் கிப்பன்களைப் பின்தொடர்ந்தார். ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று ஓர் இடம் வைத்துக்கொண்டு வாழ்கிறது என்றும், குடும்பங்களைத் தள்ளி நிறுத்துவதில் குரலுக்குப் பெரும் பங்கு உண்டு என்றும் அவர் எழுதினார்.

1980களில் ஜான் மித்தானி என்ற விஞ்ஞானி போர்னியோ தீவில் ஒரு தந்திரம் செய்தார். கிப்பன்களின் பாட்டை ஒலிப்பதிவு செய்து, காட்டுக்குள் ஒலிபெருக்கி வைத்துப் போட்டார். அங்கே குடியிருந்த குடும்பங்கள், யாரோ அந்நியர் வந்துவிட்டதாக நினைத்து எதிர்ப்பாட்டுப் பாடின. சப்தம் வந்த திசையை நோக்கி வரவும் செய்தன. பாட்டு வெறும் சந்தோஷக் கூச்சல் அல்ல, அதற்கு அர்த்தம் உண்டு என்பது இப்படிச் சோதனையில் தெரிந்தது.

2006ஆம் ஆண்டு இன்னொரு செய்தி வெளிவந்தது. சயாமின் காவோ யாய் காட்டில் எஸ்தர் கிளார்க் முதலிய ஆராய்ச்சியாளர்கள் பொம்மைச் சிறுத்தை, பொம்மை மலைப்பாம்பு போன்றவற்றை வைத்துப் பார்த்தார்கள். அவற்றைக் கண்ட கிப்பன்களும் பாடின. ஆனால் அது காலைப் பாட்டு அல்ல. ஸ்வரங்கள் அவையேதான், கோத்த வரிசை மட்டும் வேறு. தொலைவில் இருந்த உறவுக் குரங்கு அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டு பதில் கொடுத்தது!

2012ஆம் ஆண்டு ஜப்பானில் நடந்த சோதனை இன்னும் வேடிக்கையானது. ஹீலியம் என்ற வாயுவை முகர்ந்தால் மனிதக் குரல் கீச்சென்று மாறிவிடும். கியோட்டோ சர்வகலாசாலையார் ஒரு மிருகக்காட்சி சாலையில் இருந்த கிப்பனை ஹீலியம் கலந்த காற்றில் பாட வைத்துக் குரலை ஆராய்ந்தார்கள். மேடையில் உச்ச ஸ்தாயியில் பாடும் மேல்நாட்டுப் பாடகிகள் வாயையும் தொண்டையையும் எப்படிப் பழக்கி வைக்கிறார்களோ, அதையே கிப்பன் பழக்கமின்றிச் செய்கிறது என்று கண்டார்கள்.

குரு இல்லாத சங்கீதம்

சங்கீதம் என்றதும் குடுமியான்மலை நினைவுக்கு வரும். புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள அந்தக் குன்றின் பாறையில் இசைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். வரிசை வரிசையாக ஸ்வரங்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். மாணாக்கர்களின் நன்மைக்காக அதைச் செய்ததாக அந்தக் கல்வெட்டே கூறுகிறது.

மனிதனுக்குச் சங்கீதம் வர வேண்டுமானால் ஒருவர் சொல்லித் தர வேண்டும். கல்லிலாவது வெட்டி வைக்க வேண்டும். கிப்பனுக்கு அது வேண்டாம்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இரண்டு வகைக் கிப்பன்களுக்குப் பிறந்த கலப்புக் குட்டிகளின் பாட்டை வாரன் புராக்கல்மன், டக்ளஸ் ஷில்லிங் என்ற இருவர் ஆராய்ந்து 1984ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். குட்டி தாயிடம் கற்றுப் பாடுவதாக இருந்தால் தாயின் மெட்டுத்தான் வர வேண்டும். வரவில்லை. தாயின் இனத்துக்கும் தந்தையின் இனத்துக்கும் நடுவான ஒரு மெட்டு வந்தது! மூக்கும் முழியும் பரம்பரையாக வருவதுபோல் பாட்டும் இரத்தத்தோடு வருகிறது.

ஆனாலும் பழக்கம் தேவைதான். தாயும் வளர்ந்த மகளும் சேர்ந்து பாடும். காலப்போக்கில் மகளின் குரல் தேறும். பிறகு ஒரு நாள் மகள் வீட்டைவிட்டுப் போகும். துணை தேடி, தனி எல்லை தேடி, தன் பாட்டைத் தொடங்கும்.

தொல்லை தொடங்குவதும் அங்கேதான்.

ரயில் பிரித்த காடு

அஸ்ஸாமில் ஜோர்ஹாட் மாவட்டத்தில் ஹொல்லொங்காபார் என்ற காடு இருக்கிறது. 1997ஆம் ஆண்டு இதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். கிப்பனின் பெயரால் அமைந்த சரணாலயம் இது. விஸ்தீரணம் சுமார் 21 சதுர கிலோ மீட்டர். இந்தச் சிறு காட்டில் ஏழு வகைக் குரங்கினங்கள் இருக்கின்றன. கிப்பன்கள் நூற்றுக்கு மேல் உண்டு. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள்.

அந்தக் காட்டின் ஊடே ரயில் பாதை ஒன்று போகிறது. 1887ஆம் ஆண்டு வெள்ளைக்காரர் காலத்தில் போட்டது. காட்டுக்குள் அதன் நீளம் 1.65 கிலோ மீட்டர். அது காட்டை இரண்டாக வெட்டிவிட்டது. ஒரு பக்கம் பெரிய துண்டு. மறு பக்கம் சுமார் 150 ஹெக்டேர் உள்ள சிறு துண்டு.

மனிதனுக்கு ரயில் பாதை ஒரு பொருட்டல்ல. பத்து எட்டு வைத்தால் அக்கரை. தரையில் இறங்காத பிராணிக்கோ, மேலே கிளையோடு கிளை தொடாத இடம் பெரிய பள்ளத்தாக்கு. நதியைப் போலவே அதுவும் உலகத்தின் முடிவு.

சிறு துண்டில் பிறந்த குட்டி வளர்ந்து துணை தேடுகிறது. அக்கரையில் பாட்டுக் கேட்கிறது. இக்கரையிலிருந்து பதில் போகிறது. பாட்டு தண்டவாளத்தைத் தாண்டிவிடுகிறது. பாடியவர் தாண்ட முடியவில்லை. இப்படியே போனால், சிறு துண்டில் இருப்பவை நெருங்கிய உறவுக்குள்ளேயே ஜோடி சேர வேண்டும். இல்லையேல் ஜோடியில்லாமல் இருக்க வேண்டும். தலைமுறை தேயும்.

முன்பு ரயில் பாதைக்கு மேலே ஓர் இரும்புப் பாலம் கட்டினார்கள். குரங்குகள் அதைச் சட்டை செய்யவில்லை. பாதையின் இருபுறமும் மரம் வளர்த்துக் கிளைகளைச் சேரவிடும் முயற்சியும் நடந்தது. ரயில் பாதையையே காட்டுக்கு வெளியே திருப்பிவிட வேண்டும் என்று 2023ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் வற்புறுத்தினார்கள். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் நம் ஹூலக் அழிவின் அபாயத்தில் உள்ள பிராணி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் அதற்கு முதல் அட்டவணையில் இடம் கொடுத்திருக்கிறார்கள். சட்டம் வேட்டைக்காரனைத் தடுக்கும். ஆனால் வெட்டிய கிளையைச் சட்டத்தால் ஒட்ட வைக்க முடியாது.

கயிறும் பாலமாகும்

வழியே இல்லை என்று மனம் தளர வேண்டாம். சீனாவின் ஹைனான் தீவில் உள்ள கிப்பன், குரங்கினங்களிலேயே மிக அபூர்வமானது. மொத்தம் 50கூட இல்லை. 2014ஆம் ஆண்டு பெரும் புயலில் மண் சரிந்து அவற்றின் வழி அறுந்துபோயிற்று. மலையேறுவோர் பயன்படுத்தும் கயிறுகளை மரத்துக்கு மரம் கட்டினார்கள். முதலில் ஒன்றும் தொடவில்லை. ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து ஒரு குரங்கு கயிற்றைப் பிடித்தது. பிறகு மற்றவையும் பழகிக்கொண்டன.

நம் தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. வால்பாறையில் புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும்போது வண்டிகளில் அடிபட்டன. சாலைக்கு மேலே தீயணைப்புக் குழாய்த் துணியால் பாலம் கட்டித் தொங்கவிட்டார்கள். குரங்குகள் அதன்மேல் நடந்து போகின்றன. பெரிய செலவில்லை; மனம்தான் வேண்டும்.

நம் ஊர்க் குரங்கின் எல்லை

புதுக்கோட்டைச் சீமையில் கிப்பன் இல்லை. நமக்குத் தெரிந்தது நாட்டுக் குரங்குதான். அது ஜோடிப் பாட்டுப் பாடாது. கூட்டமாக வாழும். ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தான் சுற்றிவரும் இடம் உண்டு. ஆல், அரசு, அத்தி, நாவல் என்று தன் மரங்கள் எவை என்று அதற்குத் தெரியும்.

அந்த மரங்கள் என்ன ஆயின? சாலைகளை அகலப்படுத்தியபோது ஓரத்து ஆலமரங்களும் புளிய மரங்களும் பல ஊர்களில் வெட்டுண்டன. மாவட்டத்தின் காட்டு நிலத்தில் பெரும் பரப்பில் தைல மரம் நிற்கிறது. அதில் குரங்குக்குப் பழம் இல்லை. அய்யனார் கோயில் காடுகளில் மட்டும் பாலையும் வீரையும் காசாவும் இன்னும் நிற்கின்றன. அங்கே சாமிக்குப் பயந்து குச்சிகூட ஒடிக்காமல் இருந்தார்கள் நம் பெரியவர்கள். அந்தப் பயத்தால் பிழைத்த மரங்கள் அவை.

"குரங்கு ஊருக்குள் வந்துவிட்டது, ஓட்டைப் பிரிக்கிறது, வாழைத்தாரைப் பறிக்கிறது" என்று புகார் சொல்கிறோம். கஷ்டம் உண்மைதான், பயிரை இழந்தவருக்கு அதன் வலி தெரியும். ஆனால் முதலில் எல்லை தாண்டியது யார் என்றும் ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும்.

வரப்பை ஒரு சாண் நகர்த்தினால் அண்ணன்மேல் தம்பி வழக்குப் போடுகிறான். காடு முழுவதையும் நகர்த்தினாலும் குரங்கு வழக்குப் போடாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான். விடிந்ததும் மர உச்சியில் ஏறி, "நாங்கள் இங்கே இருக்கிறோம்" என்று சொல்லும்.

அதைச் சொல்வதற்கு ஒரு மரம் வேண்டும். பதில் சொல்ல அடுத்த காட்டில் ஒரு குடும்பமும் வேண்டும்.